முப்பதாயிரம் முகங்களும் ஒரு சதவீதமும்

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியத்தில் முதலில் கோல் வாங்கிப் பின்தங்கிய சென்னை சிட்டி எஃப்.சி., மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்தி ஐ-லீக் பட்டத்தைத் தட்டிச் சென்றது. இப்படியொரு மாலையில் கேலரி எப்படி இருக்கும்? கத்தித் திறந்த வாய்கள், கன்னத்தில் சாயம், நெற்றியில் கட்டிய துணி, பாதி முகத்தில் வெளிச்சம், மீதியில் நிழல். இவற்றுக்கு நடுவே தேடப்படும் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் கேமரா என்ன செய்யும்?

முகமறிதல் மென்பொருள் ஒவ்வொரு முகத்தையும் நீண்ட எண்வரிசையாக மாற்றுகிறது. போலீஸ் பட்டியலில் உள்ள முகங்களும் அதற்கு எண்வரிசைகள்தான். இரண்டுக்கும் இடைவெளி ஒரு குறிப்பிட்ட அளவுக்குள் வந்தால் எச்சரிக்கை மணி அடிக்கிறது. இவர்தான் அவர் என்று அது உறுதி சொல்வதே இல்லை. ஒத்துப்போகிறது என்று மட்டும் சொல்கிறது. அந்த அளவை இறுக்கினால் தேடப்படுபவர் நழுவிவிடுவார். தளர்த்தினால் யாரோ ஒருவர் மாட்டிக்கொள்வார்.

இனி ஒரு கணக்கு. ஸ்டேடியம் நிரம்பி 30,000 பேர். அவர்களில் 30 பேரைப் போலீஸ் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லக்கூடியது. அந்த 30 பேரையும் அநேகமாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் மிச்சமுள்ள 29,970 பேரில் நூற்றுக்கு ஒருவர் என்றால், ஏறத்தாழ 300 பேர்! மணி 330 முறை அடிக்கிறது. அதில் 300 முறை சம்பந்தமே இல்லாத ஆள். கருவியில் பழுது எதுவும் இல்லை. தேடப்படுபவர்கள் கொஞ்சம், வந்தவர்கள் ஏராளம், அவ்வளவுதான் காரணம். முதல்முறை இந்தக் கணக்கைப் போடும் யாருக்கும் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

நடந்தும் இருக்கிறது. 2017 ஜூனில் வேல்ஸின் கார்டிஃப் நகரில் ரியல் மாட்ரிட், யுவென்டஸ் மோதிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி. தெற்கு வேல்ஸ் போலீஸின் மென்பொருள் 2,470 முறை 'கிடைத்தார்' என்றது. 2,297 தவறு. பட்டியலுக்கு வந்த படங்கள் தெளிவாக இல்லை என்றது போலீஸ். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் தெளிவான படம் இந்தக் கணக்கை அழித்துவிடாது.

தமிழ்நாடு போலீஸும் 2021 அக்டோபரில் முகமறிதல் மென்பொருளைத் தொடங்கிவிட்டது. காணாமல் போனவர்களைக் கண்டுபிடிக்க அது உதவட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஸ்டேடியம் வாசலுக்கு அது வந்தால் நிலைமையே வேறு. வரிசையிலிருந்து தள்ளி நிறுத்தப்படுபவர்களில் பெரும்பாலோர், திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிஃப்ட் முடித்துப் பஸ் பிடித்து ஆட்டம் பார்க்க வந்த பையன்களைப் போன்றவர்களாகத்தான் இருப்பார்கள்.

2020 ஆகஸ்டில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தெற்கு வேல்ஸ் போலீஸ் முகமறிதலைப் பயன்படுத்திய விதம் சட்டவிரோதம் என்றது. யாரைப் பட்டியலில் சேர்ப்பது, கேமராவை எங்கே வைப்பது என்ற இரண்டும் போலீஸின் விருப்பத்துக்கே அதிகம் விடப்பட்டிருந்தன என்பது முக்கியக் காரணம். நம் ஊரில் இந்தக் கேமரா வருவதற்கு முன்பே இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். டிக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சடித்தால்கூடப் போதும்.