மேசைமேல் ஒரு கோள் காட்டி

நெதர்லாந்தின் ஃபிரானெக்கர் ஊரில் கம்பளி சீவும் தொழில் செய்துவந்த ஐசே ஐசிங்கா, 1774 முதல் 1781 வரை உழைத்து, தம் வீட்டுக் கூடத்தின் உட்கூரையில் சூரியக் குடும்பத்தை அமைத்தார். ஊசல் கடிகாரம் பற்சக்கரங்களை இயக்க, புதன் முதல் சனி வரையிலான கோள்கள் வானில் சுற்றும் அதே வேகத்தில் அங்கேயும் சுற்றுகின்றன, இன்றுவரை. அப்படியொரு கருவியை உள்ளங்கை அளவில் நாமே செய்யலாம். வைஃபை உள்ள ஈஎஸ்பி32 போன்ற மைக்ரோகன்ட்ரோலர், மின்தாள் திரை, பேட்டரி, இவை போதும்.

கோள்களின் இடத்தை இணையத்தில் தேட வேண்டாம். சரியான நேரத்தை மட்டும் வாங்கினால் போதும். 2000 ஜனவரி 1 நண்பகலில் ஒவ்வொரு கோளும் எங்கே இருந்தது, அதன் சுற்றுக்காலம் எவ்வளவு, பாதை எந்த அளவு நீண்டது, எந்தப் பக்கம் நீண்டது என்ற சில எண்களை நிரலில் எழுதிவிடுகிறோம். அன்றிலிருந்து கழிந்த நாட்களைக் கொண்டு மீதியைக் கருவியே கணக்கிடும். ஐசிங்கா பணியை முடித்த 1781இல்தான் யுரேனஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அவருடைய கூரையில் அது இல்லை. நமக்கோ ஒரு கோளைச் சேர்ப்பது ஒரு வரி எண்களைச் சேர்ப்பதுதான்.

கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. சூரியனை நெருங்கும்போது கோள் விரையும், விலகும்போது தளரும். இதைக் கெப்ளர் 1609இல் வெளியிட்டார். சீரான வட்ட ஓட்டம் என்று கொண்டால் செவ்வாய் சில சமயம் 10 பாகையும் புதன் 23 பாகையும் தள்ளி நிற்கும். இந்த மாறும் வேகத்தில் கோள் எங்கே நிற்கும் என்பதைக் கண்டறிய உதவும் கெப்ளர் சமன்பாட்டுக்கு நேரடி விடை கிடையாது. ஓர் உத்தேச விடையை எடுத்து, அதையே திரும்பத் திரும்பத் திருத்த வேண்டும். சில சுற்றுகளில் விடை நிலைத்துவிடும்.

தொலைவை அளவுப்படி வரைய இயலாது. 300 புள்ளி உயரமுள்ள திரையில் நெப்டியூன் விளிம்பைத் தொட்டால், புதன் சூரியனிலிருந்து இரண்டே புள்ளி தள்ளி நிற்கும். அதனால் வட்டங்களைச் சம இடைவெளியில் வரைந்து, கோணத்தை மட்டும் உண்மையாக வைக்கிறோம்.

புதன் நாளொன்றுக்குச் சராசரியாக 4 பாகை நகரும். நெப்டியூன் ஆண்டுக்கே 2 பாகைதான். ஆகவே தினம் ஒருமுறை கருவி விழித்து, நேரம் பெற்று, கணக்கிட்டு, வரைந்துவிட்டு உறங்கலாம். படம் மாறும்போது மட்டுமே மின்தாள் மின்சாரம் எடுக்கும் என்பதால் பேட்டரி பல மாதம் தாங்கும்.

திரையில் சூரியன், பூமி, வியாழன் இதே வரிசையில் நேர்கோட்டில் நின்றால், அன்று மாலை கிழக்கே பாருங்கள்: சூரியன் மறையும் வேளையில் வியாழன் எழுந்து இரவு முழுக்கத் தெரியும். சூரியனுக்கு அப்பால் நின்றால், அதைத் தேட வேண்டாம்.