இந்த விரிவுரை யாருடைய உபயம்?

எங்கட கோயில்களில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. திருவிழா விஞ்ஞாபனத்தை எடுத்துப் பார்த்தால், எந்த நாள் யாருடைய உபயம் என்று பெயரோடு அச்சடித்திருக்கும். காசு எங்கிருந்து வந்தது என்பதில் ஒளிவு மறைவு இல்லை. அதேநேரம், உபயகாரர் காசு தந்துவிட்டார் என்பதற்காக எந்த மந்திரம் சொல்ல வேண்டும் என்று ஐயருக்குச் சொல்லிக் கொடுப்பதும் இல்லை.

மருத்துவப் படிப்பிலும் இந்த இரண்டும் இருக்கிறதா? ஹம்மில் எங்கள் தலைமுறையின் பிள்ளைகள் இப்போது மருத்துவபீடங்களுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். என் மகள் படிப்பது மூன்ஸ்டரில். அபிட்டூர் புள்ளி, இடம் கிடைக்குமா கிடைக்காதா என்றெல்லாம் மணிக்கணக்கில் கதைத்திருக்கிறோம். படிப்பிக்கிறவருக்கும் மருந்து விற்கிறவருக்கும் நடுவில் என்ன கொடுக்கல் வாங்கல் என்று எந்த வீட்டிலும் கதைத்து நான் கேட்டதில்லை.

பேனையில் தொடங்கும்

முதல் செமஸ்டரில் வருவது மருந்துக் கம்பனி அல்ல. காப்புறுதியும் நிதி ஆலோசனையும் விற்கிறவர்கள்தான் வருவார்கள். வருங்கால டொக்டர் நல்ல வாடிக்கையாளர் அல்லவா? பேனை, பை, பரீட்சைக்கு முன் இலவச வகுப்பு என்று தருவார்கள். வைத்தியசாலைப் பயிற்சி தொடங்கிய பிறகு மருந்துக் கம்பனி அனுசரணையில் கருத்தரங்கும் மதியச் சாப்பாடும் வரும்.

மகள் இதைச் சொன்னபோது என் அம்மா சொன்னது: "தாறதை வேண்டாம் எண்டு சொல்லுறது மரியாதையில்லை பிள்ளை."

அம்மா சொன்னதில் பிழையில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றுதான் எங்களை வளர்த்தார்கள். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. சாப்பாடு தரும் விற்பனைப் பிரதிநிதி எதிர்பார்ப்பது இந்த நன்றியுணர்வைத்தான். கெட்ட மனிதரிடம் இது பலிக்காது. நல்ல மனிதரிடம் பலிக்கும்.

அமெரிக்காவில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு, 20 டொலருக்கும் குறைந்த ஒரேயொரு சாப்பாட்டைப் பெற்ற டொக்டர்கள்கூட, அந்தக் கம்பனியின் மருந்தை மற்றவர்களைவிடக் கூடுதலாக எழுதியிருப்பதைக் காட்டியது. சாப்பாடுதான் காரணம் என்று அதை வைத்து மட்டும் நிறுவ முடியாது. ஆனால் பலனில்லாத செலவைக் கம்பனிகள் வருடக்கணக்காகச் செய்யுமா?

ஜேர்மனியில் எட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆயிரத்துக்கும் அதிகமான மருத்துவ மாணவர்களிடம் கேட்டு 2013இல் வெளியிட்ட ஆய்வும் ஒன்று உண்டு. பரிசே வாங்காத, அனுசரணை நிகழ்ச்சி எதற்குமே போகாத மாணவர்கள் எட்டில் ஒருவர் அளவுதான். பரிசு சக மாணவர்களின் மனத்தை மாற்றும் என்றவர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவு. தங்கள் மனத்தை மாற்றும் என்றவர்கள் கால்வாசிப் பேர் மட்டுமே. மற்றவர் மயங்குவார், நான் மயங்கமாட்டேன் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் பொது.

இதய வால்வும் ஐந்து வீதமும்

1994இல் ஜேர்மனியை உலுக்கியது 'இதய வால்வு ஊழல்'. இதய வால்வு, பேஸ்மேக்கர் விற்கும் கம்பனிகளிடமிருந்து, அவற்றை வாங்கத் தீர்மானிக்கும் டொக்டர்களுக்குப் பணமும் பயணமும் போனது தெரியவந்தது. எங்கள் நோர்ட்ரைன் வெஸ்ட்பாலன் மாநிலத்தின் வுப்பெர்டால் அரச சட்டத்தரணிகள் நாடு முழுவதும் விசாரித்தார்கள்.

அந்தக் காலத்து வழக்குகளில் ஹைடெல்பெர்க் பேராசிரியர் ஒருவருடையது சமஷ்டி உயர் நீதிமன்றம் வரை போனது. கம்பனி, விற்பனையில் 5 வீதத்தை ஊக்கத்தொகையாக ஒரு சங்கத்துக்குச் செலுத்தியது. பணம் ஆராய்ச்சி, மாநாடு போன்றவற்றுக்கே செலவானது. அப்படியென்றால் குற்றமா?

2002 மே மாதத் தீர்ப்பின் சாரம் இதுதான்: வெளிநிதி திரட்டுவது பேராசிரியரின் கடமைகளில் ஒன்று. பல்கலைக்கழகத்துக்கு அறிவித்து, விதிப்படி அனுமதி பெற்று வாங்கினால் தண்டனைக்கு இடமில்லை. அந்த வழியைச் சுற்றிப் போனால் இடமுண்டு. நல்ல காரியத்துக்குத்தானே என்பது மட்டும் போதாது. கோயில் உபயத்தின் முதல் விதியும் இதுதான்: பெயரைச் சொல்லு.

பூட்டி வைத்த ஒப்பந்தம்

கொலோன் பல்கலைக்கழகமும் பாயர் கம்பனியும் 2008இல் மருத்துவ ஆராய்ச்சிக்காக ஓர் ஒப்பந்தம் செய்தன. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லிக் குடிமக்கள் அமைப்பு ஒன்று கேட்டது. தகவல் சுதந்திரத்துக்குப் பொறுப்பான மாநில ஆணையாளரும் காட்டுவதற்கு ஆதரவாகவே இருந்தார். பல்கலைக்கழகம் மறுத்தது. ஹம்மிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மூன்ஸ்டர் உயர் நிர்வாக நீதிமன்றம், ஆராய்ச்சிக்குத் தகவல் சட்டத்தில் விலக்கு உண்டு என்று 2015 ஓகஸ்டில் பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. எங்கள் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தத்தை நாங்கள் வாசிக்க முடியாது.

மருந்துக் கம்பனிகளின் சங்கமே வெளியிட்ட கணக்கின்படி, 2015இல் டொக்டர்களுக்கும் மருத்துவ நிறுவனங்களுக்கும் போன தொகை 575 மில்லியன் யூரோ. ஆனால் பெயர் வெளியிட டொக்டரின் சம்மதம் வேண்டும். பெரும்பாலானோர் சம்மதிக்கவில்லை. அமெரிக்காவில் 2010இல் வந்த சட்டம் சம்மதம் கேட்பதில்லை. கட்டாயம் வெளியிட வேண்டும்.

கம்பனிக் காசு என்றாலே பாவம் என்று நான் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் பிறந்த அறிவு கம்பனி வழியாகத்தான் மருந்தாகிறது. மைன்ஸில் 2008இல் தொடங்கிய பயோன்டெக்கை நினைத்துப் பாருங்கள். அதை உருவாக்கிய தம்பதியர் எங்களைப் போன்ற புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள். கூட்டு வேலை இருக்கட்டும். யார் தந்தது என்று தெரிய வேண்டும், தந்தவர் பாடத்தை எழுதக்கூடாது.

கேட்டவர்கள் மாணவர்கள்தான்

ஹார்வர்ட் மருத்துவபீடத்தில், கொலஸ்ட்ரோல் மருந்தைப் புகழ்ந்து படிப்பித்த பேராசிரியரிடம் ஒரு மாணவர் பக்கவிளைவைப் பற்றிக் கேட்டபோது அவர் அதை அலட்சியமாகத் தட்டிக் கழித்தாராம். பிறகு பார்த்தால், கொலஸ்ட்ரோல் மருந்து செய்யும் கம்பனிகள் உட்படப் பத்துக் கம்பனிகளுக்கு அவர் ஆலோசகர். 2009இல் இது பத்திரிகையில் வந்தது. விதியை மாற்றச் சொல்லிக் குரல் கொடுத்தவர்கள் மாணவர்களே. ஜேர்மனியில் 2007இல் டொக்டர்கள் சிலர் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் பெயர் மெசிஸ். 'என் சாப்பாட்டுக்கு நானே காசு கட்டுவேன்' என்ற ஜேர்மன் வாக்கியத்தின் சுருக்கம் அது.

வீட்டில் என்ன கதைக்கலாம்?

"வாங்காதே" என்று கட்டளை போட்டால் வளர்ந்த பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். நான் மகளிடம் மூன்று கேள்விகளை மட்டும் கொடுத்தேன்.

ஒன்று: இந்த வகுப்புக்குக் காசு கட்டியது யார்? முதல் ஸ்லைடில் அது சொல்லப்பட்டதா?

இரண்டு: இதே வருத்தத்துக்கு வேறு மருந்து, மலிவான மருந்து, மருந்தே இல்லாத வழி இருக்கிறதா? அதையும் சொன்னார்களா?

மூன்று: இதை நான் வாங்கினேன் என்று என் நோயாளிக்கு முன்னால் கூச்சமில்லாமல் சொல்ல முடியுமா?

மகள் மூன்றாவது கேள்வியில் கொஞ்ச நேரம் நின்றாள். "அம்மம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தா, நான் அவவுக்கு எழுதுற மருந்து ஆரோ வாங்கித் தந்த சாப்பாட்டால எழுதினது எண்டு நினைக்கக்கூடாது" என்றாள்.

அந்தக் கேள்வியை உங்கள் பிள்ளையிடமும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். வெள்ளை அங்கி போட முதலே கேட்டால் இன்னும் நல்லது.