உறுப்பும் வெகுளியும்: மூளைபற்றி ஓர் இலக்கண வாசிப்பு

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மூளைக்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது. இடப்பக்கம் பாகத்தின் பெயர், வலப்பக்கம் அது செய்யும் வேலை. வரதராஜன்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அண்ணன் மகள் அதை ராகம் போட்டு உருவேற்றிக்கொண்டிருந்தாள். பெருமூளைப் புறணி: உணர்வு, சிந்தனை, நினைவு, மொழி. தலாமஸ்: செய்திகளைக் கடத்துவது. ஹைப்போதலாமஸ்: பசி, தாகம், உடல் சூடு. சிறுமூளை: சமநிலை, அசைவின் ஒழுங்கு. பான்ஸும் முகுளமும்: மூச்சு, இதயத் துடிப்பு, தூக்கம். திடுமென்று நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "சித்தப்பா, கோபம் எதுல இருக்கு? இதுல போடலையே?"

அமிக்டலா என்று சொல்லிவிட்டேன். சொன்ன வேகம்தான் பிறகு எனக்கு உறுத்தியது. தமிழ் படித்த ஒருவனுக்கு அந்தப் பதில் எப்படி அவ்வளவு தயாராக வாயில் இருந்தது?

முதலில் பெயர்கள். அமிக்டலா என்பது வாதுமைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பொட்டுப் பக்கத்து மடலின் உள்ளே, இரு புறமும் ஒவ்வொன்றாக, வாதுமைப் பருப்பளவில் இருக்கும் நரம்புத் திரள். நம் பக்கத்து ஆள் யாராவது முதலில் பார்த்திருந்தால் முந்திரி என்று வைத்திருப்பான்; ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கமெல்லாம் அதுதானே காடு. அதை அடுத்துள்ள ஹிப்போகாம்பஸ் கடற்குதிரை. தலாமஸ் உள்ளறை. புறணிக்கான லத்தீன் சொல் மரப்பட்டையைக் குறிப்பது. மூளையைப் போர்த்தியிருக்கும் வெளிச் சவ்வுக்கு 'கெட்டியான தாய்' என்று பொருள். அது அரபியிலிருந்து லத்தீனுக்குப் போன பெயர். செத்த மூளையை அறுத்துப் பார்த்தவனின் கண்ணுக்கு எது எதுபோல் தெரிந்ததோ அதுவே பெயர். அதாவது இடப்பக்கப் பத்தி முழுக்க உவமையாகுபெயர். அதில் வேலை எதுவும் சொல்லப்படவில்லை.

வலப்பக்கப் பத்தி பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் எழுதப்பட்டது. 1861இல் பாரிசில் ப்ரோக்கா என்ற மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்தார். அவரால் 'டான்' என்ற ஓரசையைத் தவிர ஏறக்குறைய எதையும் சொல்ல முடியாது. அவர் இறந்த பின் பார்த்தால் இடது முன்மடலில் சிதைவு. பேச்சுக்கு ஓரிடம் கிடைத்தது. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக இரு புறமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை எடுத்தார்கள். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அன்றாடம் நடப்பது எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. 2008இல் சாகும்வரை அப்படியே. ஆகவே வலப்பக்கப் பத்தியைப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த இடம் பழுதானால் எது நிற்கும் என்பது பக்கவாதம் கண்ட வீட்டாருக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

பிரச்சினை வாக்கிய அமைப்பில் இருக்கிறது. 'இது இல்லாவிட்டால் அது நடக்காது' என்பது ஒரு வாக்கியம். 'இதுதான் அதைச் செய்கிறது' என்பது வேறு வாக்கியம். பீஸ் போனால் போர் மோட்டார் ஓடாது. அதற்காகத் தண்ணீர் இறைப்பது பீஸ்கட்டைதான் என்று கொல்லையில் யாரும் சொல்வதில்லை. அட்டவணை இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவிலுள்ள தூரத்தை ஒரு கோடு போட்டு அழித்துவிடுகிறது. உறுப்பு எழுவாயாகிறது, வேலை பயனிலையாகிறது. ஆள் காணாமல் போகிறான்.

இந்த வாக்கியம் நம் ஊரிலேயே கத்தியாகியிருக்கிறது. 1930களின் இறுதியில் க்ளூவர், பூசி என்ற இருவர் குரங்குகளின் பொட்டுமடல்களை நீக்கிப் பார்த்தபோது அவை பாம்புக்கும் அஞ்சாமல் சாதுவாகிவிட்டன. 1963இல் டோக்கியோவில் நரபயாஷி குழுவினர் மனிதர்களின் அமிக்டலாவில் துளையிட்டுச் செய்த அறுவைகளைப் பற்றி எழுதினார்கள். பிறகு சென்னை. 1950இல் மதராஸ் பொது மருத்துவமனையில் நரம்பறுவைப் பிரிவைத் தொடங்கிய பி. ராமமூர்த்தி, அவரோடு வி. பாலசுப்பிரமணியம், இந்தியாவின் முதல் பெண் நரம்பறுவை மருத்துவர்களில் ஒருவரான டி.எஸ். கனகா ஆகியோர் 1960களிலிருந்து இதைச் செய்தார்கள். தலையில் சட்டம் பொருத்தி, எக்ஸ்ரே பார்த்து அளந்து, மெல்லிய கருவியை இறக்கி, சில மில்லிமீட்டர் திசுவை அழிப்பது. அடங்காத முரட்டுத்தனம், ஓயாத துடிதுடிப்பு உள்ளவர்களுக்கு. அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். 1988இல் ராமமூர்த்தி வெளியிட்ட கட்டுரையில் கணக்கு 603 அறுவைகள்: அமிக்டலாவில் 481, ஹைப்போதலாமஸில் 122. உலக அளவிலேயே பெரிய எண்ணிக்கைகளில் ஒன்று.

இவர்களை வில்லன்களாக்குவது எளிது, நேர்மையல்ல. பலர் வலிப்பும் மூளை வளர்ச்சிக் குறையும் உள்ளவர்கள். கட்டிப்போட்டு வளர்க்கப்பட்ட பிள்ளைகள். கொடுத்துப் பார்த்த மருந்துகள் கேட்கவில்லை. பெற்றோரே கையெடுத்துக் கும்பிட்டு வந்திருப்பார்கள் என்பதைக் கற்பனை செய்வது கடினமல்ல. ஆனால் சென்னைக் குழுவினர் இம்முறைக்குப் பயன்படுத்திய பெயரைப் பாருங்கள்: அமைதிப்படுத்தும் நரம்பறுவை. பலனை அளந்த படிநிலைகளில் நோயாளி எவ்வளவு சாதுவாகியிருக்கிறார் என்பது ஓர் அளவுகோல். ஃபூக்கோ 1975இல் பட்டாளத்தையும் பள்ளிக்கூடத்தையும் சிறையையும் வைத்துச் சாதுவான உடல்களைப் பற்றி எழுதினார்; அதே சொல் அதற்கு முன்பே ஒரு மருத்துவ அட்டவணையில் மதிப்பெண்ணாக உட்கார்ந்திருந்தது. யாருக்கு அமைதி என்ற கேள்விக்கு அந்த அட்டவணையில் பத்தி இல்லை.

இங்கே எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வருகிறது. பழம்பெருமை பேச அல்ல. மெய்ப்பாட்டியலில் வெகுளி எட்டில் ஒன்று. அது பிறக்கும் களங்கள் நான்கு: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பைக் குறைப்பது, குடியையும் சுற்றத்தையும் நலிவது, வைவதும் அடிப்பதும், கொல்வது. நான்கும் பிறர் செய்பவை. வெகுளி உடம்பில் தெரியும், ஆனால் உடம்பில் தொடங்குவதில்லை. நம் பேச்சும் அப்படித்தான்: 'எனக்குக் கோபம் வருது' என்கிறோம். கோபம் எழுவாய், நான் நான்காம் வேற்றுமையில் நிற்கிறேன். வருவதென்றால் எங்கிருந்தோ வரவேண்டும். அமிக்டலாவை எழுவாயாக்கியதும் அந்த 'எங்கிருந்து' அறுந்துபோகிறது. கோபத்தைத் தீர்க்க உறுப்பைக் குறைப்பது, தொல்காப்பியர் கணக்கில் கோபத்துக்கான முதல் காரணம்.

உறுப்பறிவியலும் இப்போது அட்டவணைக்குள் அடங்குவதாயில்லை. அரிய நோயொன்றால் இரண்டு அமிக்டலாவும் அழிந்த ஒரு பெண்ணை அமெரிக்காவில் பல வருஷம் ஆராய்ந்தார்கள். பாம்பைக் கண்டாலும் அவருக்குப் பயமில்லை. 'அச்சத்தின் இருப்பிடம்' உறுதியாகிவிட்டது என்றே பேச்சு. 2013இல் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தபோது அவரும் அலறித் திணறினார். பயம் வேறு வழியாக வந்துவிட்டது. முகத்தை அறிவதிலும், இனிப்பை எதிர்பார்ப்பதிலும், பழகிக்கொள்வதிலும் அமிக்டலாவுக்குப் பங்குண்டு என்கிறார்கள். ஒரு வரியில் எழுத வேண்டுமென்றால் என்ன எழுதுவது?

சட்டம் தாமதமாக வந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, மனநோய்க்கான மூளை அறுவைக்கு அந்த ஆளின் அறிந்த சம்மதமும் மனநல வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். அட்டவணையில் காணாமல் போன ஆள் சட்டத்தின் ஒரு பிரிவில் எழுவாயாகத் திரும்பி வருகிறான். 603 அறுவைகளில் எத்தனை பேர் தாங்களே பேசி எதையாவது சொல்லியிருப்பார்கள்?

இதையெல்லாம் அவளிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்ப பரீட்சையில கேட்டா என்ன எழுதட்டும்?" என்றாள். அட்டவணையில் உள்ளதை அப்படியே எழுது, மார்க்கு வேணும்ல என்றேன். மறுபடி பான்ஸிலிருந்து ஆரம்பித்தாள்.