நாய் வளர்க்கலாமா?

‘நான் வளர்க்கும் பிராணி’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், பெரும்பாலான பிள்ளைகள் நாயைப் பற்றித்தான் எழுதுவார்கள். ‘நாய் நன்றியுள்ள பிராணி’ என்பதே முதல் வாக்கியமாக இருக்கும். அந்த நன்றிக்கு நாம் என்ன கைம்மாறு செய்கிறோம் என்று யாரும் எழுதுவதில்லை. பெரியவர்களும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை.

நாயினால் நமக்குக் கிடைக்கும் நன்மைகள் பல. ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், விடியற்காலை இருட்டில் மரம் சீவப் போனவர்களுக்கு நாயே வழித்துணை. பாம்பைக் கண்டால் குரைத்துக் காட்டிக் கொடுக்கும். தாய் தகப்பன் வேலைக்குப் போன பிறகு, லயத்து வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் பேரப்பிள்ளைக்கும் அதுவே காவல். வாயில்லா ஜீவனுக்குச் சோறு வைத்துப் பழகும் பிள்ளைக்கு இரக்க குணமும் தானாக வரும்.

சிரமங்களும் இல்லாமல் இல்லை. மீந்த குழம்புச் சோறு போதும் என்று பலர் நினைக்கிறோம். ஆனால் வெங்காயம் நாய்க்கு ஆகாது. வேக வைத்த கோழி எலும்பு தொண்டையிலும் குடலிலும் குத்திக்கொள்ளும். உண்ணிக்கு மருந்து, தடுப்பூசி, நகராண்மைக் கழக லைசன்ஸ் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. 2017 முதல் சரவாக்கில் பல உயிர்களைப் பலி வாங்கியிருக்கிறது. ஆகவே, நாய் கடித்தால் புண்ணைச் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சளை அப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

அக்கம்பக்கத்தாரையும் நினைக்க வேண்டும். முஸ்லிம் அண்டை வீட்டாருக்கு நாயின் எச்சில் பட்டால் கழுவித் தூய்மை செய்யும் சமயக் கடமை உண்டு. நாயை நம் வேலிக்குள் வைத்திருந்தால் மனத்தாங்கல் வராது.

எல்லாவற்றிலும் பெரிய சிரமம் வீடு மாறும்போதுதான் வருகிறது. இன்றைய ஷா ஆலம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். சுபாங் ஜெயா அன்று சீபீல்ட் தோட்டம். இப்படிக் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டங்கள் பட்டணங்களாக மாற, நம் மக்கள் பலர் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேறினார்கள். அடுக்குமாடியில் நாய் வளர்க்கப் பொதுவாக அனுமதி கிடைப்பதில்லை. கட்டில், அலமாரி, சாமிப்படம் எல்லாம் லோரியில் ஏறும். நாய் மட்டும் லயத்து வாசலிலேயே நின்றுவிடும். எசமான் வருவார் என்று காத்திருந்து, கடைசியில் தெருநாயாகிப் பிடிபடும்.

2015ஆம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டப்படி, பிராணியைக் கொடுமைப்படுத்தினால் 100,000 ரிங்கிட் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நம் மனசாட்சி என்ன சொல்கிறது?

பெற்றோர்களே! பிள்ளை அடம் பிடிக்கிறதே என்று உடனே குட்டியைத் தூக்கி வராதீர்கள். நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். அத்தனை காலமும் இதே வீட்டில் இருப்போமா? பிள்ளை படிக்க வெளியூர் போனால் யார் கவனிப்பது? மாதச் செலவு கட்டுமா? இந்த மூன்று கேள்விகளையும் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். முடியும் என்றால் தாராளமாக வளருங்கள். இனம் பெருகாமல் கருத்தடையும் செய்துவிடுங்கள். முடியாது என்றால் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அதுவும் அந்த ஜீவனுக்கு நாம் செய்யும் ஒரு நன்மைதான்.