ஓக்கிட்டுச் செடி சுருங்குவதேன்?

வீட்டு வளவிலுள்ள மாமரத்தின் நிழலிலோ, கிடுகுப் பந்தலின் கீழோ, பத்துப் பன்னிரண்டு ஓக்கிட்டுச் செடிகளை வளர்க்கும் கமக்காரர் நம் நாட்டிற் பலர் உளர். வேறு சிலர், வயல் வேலை ஓய்ந்திருக்குங் காலத்திலும் கையிற் காசு புழங்க வேண்டுமென்னும் நோக்குடன் நிழல்வலைக் கூடம் அமைத்து, டென்ட்ரோபியம் போன்ற இனங்களை வெட்டுமலருக்காக வளர்க்கின்றனர். இவ்விரு சாராரும் கேட்கும் வினா ஒன்றே: நாள் தவறாது நீர் ஊற்றியும் இலை துவண்டு தண்டு சுருங்குகின்றதே, இதற்கு என்ன மருந்து தெளிக்கலாம்?

மருந்தைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம். நீரைப் பற்றி முதலிற் பேசுதல் வேண்டும். ஏனெனில், சுருங்கிய ஓக்கிட்டுச் செடிகளுட் பல, நாள் தவறாது நீர் ஊற்றப்பட்டமையாலேயே அந்நிலையை அடைந்தவை.

நெல்லின் வேரும் ஓக்கிட்டின் வேரும்

நெற்பயிர் நீரில் நிற்கும் இயல்புடையது. இலையிலிருந்து வேர்வரை காற்றைக் கொண்டுசெல்லும் நுண்ணிய வழிகள் அதன் உடலிலேயே அமைந்துள்ளன. ஆதலின் சேற்றில் அதன் வேர் மூச்சு முட்டி இறப்பதில்லை. மிளகாயும் கத்தரியும் நண்பகலில் வாடி நின்றாலும், மாலையில் நீர் பாய்ச்சினால் மறுநாட் காலையில் நிமிர்ந்துவிடும். இப்பயிர்களோடு பழகிய கை, வாடிய இலையைக் கண்டவுடன் நீர்க்குடத்தை நாடுவது இயல்பே. ஆயின் ஓக்கிட்டு வேறு வகையைச் சார்ந்தது.

நாம் சட்டியில் வளர்க்கும் ஓக்கிட்டுக்களுட் பெரும்பாலானவை மண்ணுக்குரியன அல்ல. காட்டில் மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு வாழும் செடிகளின் வழி வந்தவை அவை. (மரத்தின் சாற்றை இவை உறிஞ்சுவதில்லை. இவற்றைக் குருவிச்சை போன்ற ஒட்டுண்ணி எனக் கருதி வெட்டி எறிவார் இன்றும் உளர், அது தவறு.) மழை பெய்யும்போது இச்செடிகளின் வேர் நன்கு நனையும், மழை விட்டுக் காற்று வீசியதும் சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். இவ்வாழ்க்கைக்கு ஏற்ப வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற உறை ஒன்று உண்டு. இவ்வுறை மழைநீரை விரைவில் உறிஞ்சி உள்ளிருக்கும் வேருக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கும். உலர்ந்திருக்கும்போது அது வெள்ளி போல் வெளிறியிருக்கும். நனைந்தவுடன் பச்சை நிறம் பெறும்.

இவ்வேருக்கு நீர் எத்துணை இன்றியமையாததோ அத்துணை இன்றியமையாதது காற்று. சட்டி எந்நேரமும் ஈரமாயிருந்தால் காற்று அற்றுப்போக வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. அப்பொழுது செடி நீரின் நடுவே நின்றுகொண்டே தாகத்தால் வாடும். நீரின்றி வாடிய செடியும், நீர் மிகுந்து வேரிழந்த செடியும் இலையளவில் ஒன்றுபோலவே தோன்றும். இலையை மட்டும் பார்த்து மேலும் நீர் ஊற்றுவோர், எஞ்சிய வேரையும் அழித்துவிடுகின்றனர். ஆகவே சுருங்கிய ஓக்கிட்டைக் கண்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, வேரைப் பார்ப்பதேயாம்.

நோயல்லாத சுருக்கம்

வேரைப் பார்க்குமுன் ஒன்றைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். டென்ட்ரோபியத்தின் தடித்த தண்டு, நீரையும் உணவையும் சேமித்து வைக்கும் களஞ்சியமாகும். புதுத்தண்டு முளைத்து வளருங்கால் பழந்தண்டு தன்னிடமுள்ளதை அதற்கு ஈந்து, இலை உதிர்த்து, கோடு கோடாகச் சுருங்கும். பின்வரிசையில் இரண்டொரு பழந்தண்டுகள் இவ்வாறிருப்பது மூப்பேயன்றி நோயன்று. அவை பச்சையாகவும் உறுதியாகவும் இருக்கும்வரை வெட்டுதல் கூடாது. முன்வரிசையிலுள்ள இளந்தண்டும் சுருங்கினாலே கவலை கொள்ளல் வேண்டும்.

வண்டா இனத்திற்கு இத்தகைய களஞ்சியம் இல்லை. ஆதலின் அது விரைவிலேயே வாட்டத்தைக் காட்டும். இலைகள் நடுநரம்பின் வழியே மடிந்து ஒடுங்கும். அடியிலைகள் மஞ்சளாகி உதிரும். பலனொப்சிஸ் இனத்தில் அகன்ற இலைகள் தோல் போல் தொய்ந்து, சுருக்கம் விழும்.

வேரைப் பார்க்கும் முறை

செடியின் அடியைப் பற்றிக்கொண்டு சட்டியைத் தலைகீழாய்ச் சாய்த்து மெல்லத் தட்டுக. வேர் சட்டியில் ஒட்டியிருந்தால் அரை மணி நேரம் நீரில் ஊறவிட்டால் எளிதிற் கழலும்; மட்சட்டியாயின் உடைத்துவிடுதலும் தகும். சட்டியின் விலையிலும் வேரின் விலை பெரிது. பழைய கரியையும் மட்டைத் துண்டுகளையும் உதிர்த்துவிட்டு, ஒவ்வொரு வேராக விரல்களுக்கிடையே வைத்து அழுத்திப் பார்க்க. உயிருள்ள வேர் உறுதியாயிருக்கும். இறந்த வேர் கபில நிறமாகி, அழுத்தினால் நீர் கசியும். அல்லது உள்ளீடற்ற வைக்கோல் போல் நசுங்கும். இழுத்தால் மேலுறை கழன்று கையில் வர, உள்ளே நூல் போன்றதொரு நரம்பு மட்டும் எஞ்சும்.

வேர் வெளிறி உறுதியாயிருந்து, சட்டியினுள்ளும் ஈரம் இல்லையாயின் செடிக்கு உண்மையாகவே நீர் போதவில்லை என்க. சோளகக் காற்றும் கச்சான் காற்றும் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை உலர்வலயத்தில் இது பெரிதும் நேரும். தொங்கு கூடையில் வேரை வெளியே விட்டு வளரும் வண்டாவையே இக்காற்று முதலிற் பாதிக்கும். மருத்துவம் எளிது. செடியைக் கூடையோடு 15 அல்லது 20 நிமிடம் நீரில் அமிழ்த்தி வைத்து எடுத்து, காற்று நேரே படாத இடத்திற் தொங்கவிட்டு, காலையில் வேர் முழுவதும் பச்சையாகும்வரை நாடோறும் நனைத்துவரின் சில வாரங்களில் தேறும்.

வேர் கபிலமாகி நசுங்கினால் நீர் மிகையே காரணம். அன்றேல் சட்டியினுள் இட்டவை மக்கிப்போனமை காரணம். தேங்காய் மட்டைத் துண்டுகள் இரண்டாண்டளவில் மக்கிச் சேறு போலாகிக் காற்றைத் தடுக்கும். பெரும்போக மழையின்போது, திறந்த வெளியில் வைத்த சட்டிகளில் இக்கேடு பெருகும். கூடத்தில் நூறு செடி வளர்ப்போர் இங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும். ஒரே நாளில், ஒரே மட்டையில், நட்ட செடிகள் யாவற்றுக்கும் ஒரே அளவு நீரே ஊற்றப்படுகின்றது. ஆதலின் ஒரு செடி சுருங்கினால் அதன் அயலிலுள்ள பத்துச் செடிகளின் வேரையும் அன்றே பார்க்க. கன்று நட்டுப் பூக்கொள்ள ஈராண்டு மூவாண்டு காத்திருக்க வேண்டிய பயிரில், அறிகுறி எல்லாச் செடியிலும் தோன்றும்வரை பொறுத்திருப்போர் மூவாண்டு உழைப்பை இழப்பர்.

சிலபோது வேரின் உடல் நன்றாயிருக்க, நுனிகள் மட்டும் கருகியிருக்கும். சட்டியின் விளிம்பில் வெண்மையாய் உப்புப் பூத்திருக்கும். இது நீரின் உவர்ப்பாலோ பசளையின் மிகையாலோ வருவது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையினூடே வருவதாகலின் வன்மை மிக்கது. கரையோரக் கிணறுகளோ கோடையில் உவரும். இவ்விடங்களில் கூரை நீரைப் பீப்பாவிற் சேர்த்து ஓக்கிட்டுக்கென ஒதுக்கி வைத்தல் நன்று. வயலுக்கு வாங்கிய பசளையில் ஒரு பிடியைச் சட்டியில் இடும் வழக்கத்தை அடியோடு விடுதல் வேண்டும். மண் இருந்தாலன்றோ அப்பசளையைத் தாங்கி நின்று சிறிது சிறிதாய்க் கொடுக்கும்? கரித்துண்டின் மீதிட்ட பசளை நேரே வேர்நுனியைச் சுடும். உப்புப் பூத்த சட்டியை மழைநீரால் மும்முறை நான்முறை நன்கு கழுவி வடியவிடுக.

வேர் முழுதும் நன்றாயிருந்தும் செடி சுருங்கினால் கழுத்தையும் இலையடியையும் நோக்குக. பஞ்சு போன்ற வெண்பூச்சியும், சிப்பி போல் ஒட்டிய செதிற்பூச்சியும் இலைக்கவட்டில் ஒளிந்து சாற்றை உறிஞ்சும். எறும்பு ஊரும் செடியில் இவற்றைத் தேடுதல் நன்று. தொகை சிறிதாயின் சவர்க்கார நீரில் நனைத்த சீலையால் துடைத்தாலே போதும்.

மரக்கறிச் செய்கையில் அறிமுகமான நோய்கள்

ஓக்கிட்டின் நோய்கள் சில கமக்காரருக்குப் புதியவையல்ல. செடியின் அடியில் வெண்ணூல் படர்ந்து, கடுகு போன்ற சிறு மணிகள் காணப்பட்டால், அது மிளகாய், நிலக்கடலை ஆகியவற்றின் அடியை அழுகச் செய்யும் அதே பங்கசாகும். இலையோ தண்டோ நீர் கோத்து, கூழாகி, நாற்றம் வீசினால் அது பற்றீரியா மென்னழுகல். சேமித்த கரற்றும் கோவாவும் உருளைக்கிழங்கும் அழுகுவதும் இவ்வகைப் பற்றீரியாவாலேயே. கரிய புள்ளி தோன்றி விரைவில் தண்டு முழுவதும் கறுத்துப் பரவினால் அது கருமழுகல். இதனை விளைக்கும் இனங்களுள் ஒன்று கொக்கோக் காயைக் கறுக்கச் செய்து, தென்னையின் குருத்தையும் அழுகச் செய்வது.

மூன்றுக்கும் முதல் மருந்து கத்தியே. நோயுற்ற பகுதிக்கு அப்பால், நலமான பகுதியிலும் ஓரங்குலம் சேர்த்து வெட்டி எடுத்து எரித்துவிடுக. வெட்டுவாயில் கறுவாத் தூளைத் தடவலாம். ஆயின் அத்தூள் உலர்த்துந் தன்மையுடையதாகலின் வேரிற் படலாகாது. அதன் பின்னரே தெளிமருந்து. பங்கசுநாசினிகளுட் பல பற்றீரியாவைக் கொல்லா; ஆகவே நோய் இன்னதென்று அறியாது மருந்து வாங்குதல் பணத்தை நீரிற் கரைத்தலாகும். ஐயம் இருப்பின் நோயுற்ற பகுதியைக் கடதாசியிற் சுற்றி உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி, அவர் கூறும் மருந்தை, கூறும் அளவில் மட்டும் பயன்படுத்துக.

வைரசு நோய்க்கோ மருந்து எதுவும் இல்லை. இலையில் வெளிறிய அல்லது கரிய கோடுகளும் வளையங்களும் தோன்றி, பூவின் நிறம் சிதறி, செடி ஆண்டுக்காண்டு மெலிந்து வரும். இந்நோய் பெரும்பாலும் வெட்டுங் கத்தியினாலேயே செடிக்குச் செடி பரவுகின்றது. ஒவ்வொரு செடியை வெட்டிய பின்னும் கத்தியைச் செந்தணலாகுமாறு சுட்டு ஆறவிட்டே அடுத்ததைத் தொடுக. நோய் உறுதியானால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய செடியாயினும் எரிப்பதே மற்றவற்றுக்குச் செய்யும் உதவி.

வேரிழந்த செடியை மீட்டல்

இறந்த வேர்களைச் சுட்ட கத்தியால் அடியோடு நீக்குக. உயிருள்ள வேர் ஒன்றேயாயினும் அதனைக் காத்துக்கொள்க. இறந்த வேரின் நடுநரம்பு உறுதியாயிருப்பின் இரண்டொன்றை விட்டு வைக்கலாம். செடி ஆடாது நிற்க அது உதவும். பின்னர்ச் செடியைக் காற்றோட்டமான நிழலில் ஒரு நாள் கிடத்தி, வெட்டுவாய்களை உலரவிடுக.

இனி நடவு. செடி பெரிது என்பதற்காகப் பெரிய சட்டியைத் தேடுதல் பலரும் செய்யும் பிழை. வேரின் அளவே சட்டியின் அளவு. பெரிய சட்டி விரைவில் உலராது. மீண்டும் அதே அழுகல் தொடங்கும். பக்கங்களிலும் துளையுள்ள சிறு மட்சட்டியில், கழுவிய மரக்கரித் துண்டுகளையும் உடைந்த செங்கல் அல்லது ஓட்டுத் துண்டுகளையும் இட்டு, மேலே சிறிது தேங்காய் மட்டைத் துண்டு வைக்கலாம். மட்டையிலும் தும்பிலும் இயற்கையாகவே உப்பு உண்டு. ஒரு வாரமாவது நாடோறும் நீரை மாற்றி ஊறவைத்த பின்னரே அவற்றைப் பயன்படுத்துக. தண்டின் அடி சட்டியில் புதையலாகாது. மேலே இருத்தல் வேண்டும். செடியை ஒரு குச்சியோடு இறுகக் கட்டுக. காற்றில் ஆடும் செடியின் புதுவேர்நுனி உராய்ந்து மழுங்கிவிடும். மீட்சி தவறுவதற்கு இக்காரணம் பலர் கண்ணிற் படுவதில்லை.

வேரில்லாத செடிக்குச் சட்டியில் நீர் ஊற்றிப் பயனில்லை. இலையினின்று நீர் வெளியேறுவதைக் குறைப்பதே அப்பொழுது செய்யத்தக்கது. நல்ல நிழலில் வைத்து, அயலில் ஈரமணல் பரப்பிய தட்டுக்களை வைத்து, காலையில் மட்டும் மெல்லிய நீர்த்தூவல் தெளிக்க. மாலையில் தெளித்த நீர் இரவெல்லாம் குருத்தில் தங்கி அழுகலை வருவிக்கும். மிகவும் நலிந்த சிறு செடியாயின், ஈரம் பிழிந்த தும்பு சிறிதளவு இட்ட பொலித்தீன் பையினுள் வைத்து வாயைத் தளர்வாகக் கட்டி நிழலில் மூன்று நான்கு வாரம் வைக்கலாம். அப்பையில் வெயில் பட்டால் செடி அவிந்துவிடும். வாரம் இருமுறை திறந்து பூஞ்சணம் பிடித்ததா எனப் பார்க்க.

இக்காலத்திற் பசளை வேண்டாம். நோயாளிக்கு விருந்து வைத்தாற் போலாகும். சீனிக் கரைசல் ஊட்டுதல் முதலிய கைவைத்தியங்களும் பங்கசுக்கும் எறும்புக்குமே இரையாகும்.

டென்ட்ரோபியம் சில வேளைகளில் தானே ஒரு வழி காட்டும். வேர் கெட்ட செடியின் தண்டுக் கணுக்களில் சிறு கன்றுகள் முளைப்பதுண்டு. இவற்றை அழகென மகிழ்ந்து விட்டுவிடாது, தாய்ச்செடி மீளாதாயினும் அவ்வினம் அழியாது காத்துக்கொள்ளும் வாய்ப்பாகக் கருதல் வேண்டும். கன்றின் வேர்கள் இரண்டங்குலம் வளர்ந்தபின் பிரித்துத் தனியே நடுக. இறந்தவற்றுக்கு ஈடாகக் காட்டிலிருந்து செடி பிடுங்கிவர எண்ணுவோர்க்கும் ஒரு சொல். இலங்கைக்கே உரிய வெசாக் ஓக்கிட்டு, சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட செடி. ஈரவலயக் காட்டின் நிழலுக்கு உரிய அது உலர்வலய முற்றத்திற் சுருங்கியே மடியும்.

மீட்சியின் அடையாளம் பழைய இலையில் தோன்றாது. ஒருமுறை சுருக்கம் விழுந்த இலை பல வேளைகளில் முழுதும் நிமிர்வதில்லை. தண்டின் அடியைப் பார்த்து வருக. பச்சை நுனியுடன் புதுவேர் தலைகாட்டினால் செடி பிழைத்தது என்க. இதற்கு ஒரு மாதமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். வேர் இரண்டங்குலம் நீண்டதும் நீரை மெல்லக் கூட்டி, சட்டியின் உட்புறம் ஏறக்குறைய உலர்ந்த பின்னரே மறுமுறை ஊற்றுக. அப்பொழுது நீரிற் கரையும் கலப்புப் பசளையை ஓர் இலீற்றர் நீருக்கு அரைக் கிராம் அளவிற் கரைத்து, ஈரமான வேரின் மீது வாரம் ஒருமுறை தெளிக்கத் தொடங்கலாம். தேறிய செடிக்கு இதனை ஒரு கிராமாக உயர்த்தலாம். நிழலிலிருந்து கூடத்தின் ஒளிக்கு ஒரே நாளிற் கொண்டுவராது, இரண்டு வாரத்திற் படிப்படியாக நகர்த்துக. நலிந்த செடி சிலபோது அவசரமாகப் பூங்காம்பு விடும். அதனை இளமையிலேயே கிள்ளிவிட்டு, புதுத்தண்டு ஒன்று முற்றிய பின் வரும் பூவையே சந்தைக்கு வெட்டுக.