'கன்னத்தில் முத்தமிட்டால்': விமர்சகர்கள் ஏன் பிரிந்தார்கள்?

மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002 பிப்ரவரியில் திரைக்கு வந்தது. அதே மாதம்தான் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். படத்துக்கு ஆறு தேசிய விருதுகள் கிடைத்தன. ஆனால் இது போரைப் பற்றிய படமா, போரைப் பின்னணியாக வைத்த குடும்பக் கதையா என்பதில் விமர்சகர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

இலங்கையின் மாங்குளத்துக் கர்ப்பிணி சியாமா, படகேறி ராமேஸ்வரம் வருகிறாள். அங்கே அகதிகள் முகாமில் பெற்ற பெண் குழந்தையை விட்டுவிட்டு, கணவனைத் தேடித் திரும்பிப் போகிறாள். சென்னையில் வேறொரு குடும்பத்தில் வளரும் அந்தப் பெண் அமுதா, ஒன்பது வயதில் உண்மை தெரிந்ததும் பெற்றவளைப் பார்க்கக் கிளம்புகிறாள்.

பாராட்டியவர்கள் அமுதாவைப் பார்த்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று அவள் கேட்பதில்லை. ஏன் என்னை விட்டுப்போனாய் என்றுதான் கேட்கிறாள். அந்தக் கேள்வியே போரின் கொடுமையைச் சொல்லிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். குறை சொன்னவர்களோ படத்தில் இல்லாததைப் பார்த்தார்கள். 1956-இன் தனிச் சிங்களச் சட்டம் இல்லை, 1983 ஜூலையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்முறை இல்லை. காரணம் சொல்லாமல் குண்டு மட்டும் வெடித்தால், போர் இயற்கைப் பேரிடர் போலாகிவிடாதா?

சந்தோஷ் சிவனின் 'தி டெரரிஸ்ட்' (1998) படத்திலும் இதே சிக்கல்தான். நாட்டின் பெயரும் இயக்கத்தின் பெயரும் சொல்லாத அந்தப் படத்தை அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் பாராட்டினார். பின்னாளில் தன் 'மகத்தான படங்கள்' வரிசையிலும் சேர்த்தார். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் பெயரில்லாமை படத்தைப் பொதுவாக்குகிறது. வீட்டை இழந்தவருக்கு அது மறைப்பாகத் தெரிகிறது.

ராமநாதபுரம் கடற்கரையில் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தைப் பார்ப்பவர்களுக்கு முகாம் காட்சிகள்தான் முக்கியம். தனுஷ்கோடி மணல் திட்டுகளில் படகோட்டிகள் இரவோடு இரவாக ஆட்களை இறக்கிவிட்டுப் போவதும், விசாரணை முடிந்து அவர்கள் மண்டபம் முகாமுக்கு அனுப்பப்படுவதும் 1983-க்குப் பிறகு இங்கே பலமுறை கண்ட காட்சி. பொருளாதார நெருக்கடி வந்த 2022-லும் அப்படித்தான் வந்தார்கள்.

அரசியல் காரணங்களைச் சொல்லாதது படத்தின் உண்மையான குறைதான். ஆனால் சியாமாவைப் பொறுத்தவரை அந்தக் குறை எனக்குத் தெரியவில்லை. பிள்ளையா, மண்ணா என்று அவள் முகாமில் எடுக்கும் முடிவே அரசியல் முடிவு. கடைசியில் ஒரு பூங்காவில் மகள் கூப்பிட்டும் அவள் உடன் போகவில்லை. அமைதி வந்த பிறகு நீ வா என்கிறாள். நழுவல் என்று அதை எழுதியவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.