அப்பாவின் கையெழுத்தும் பச்சை டிக்கும்

ரேங்க் கார்டு கொடுக்கும் நாளில் எங்கள் வகுப்பில் இரண்டு கட்சி இருக்கும். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்த பிள்ளைகள் ஒரு கட்சி, கைநாட்டு அப்பாக்களின் பிள்ளைகள் இன்னொரு கட்சி. மார்க் குறைந்த மாதங்களில் இரண்டாவது கட்சிதான் கொடுத்துவைத்தது. கள்ளக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை, பேனா மையைத் தன் கட்டைவிரலிலேயே தடவி ஒற்றிவிடலாம். ஐந்தாம் வகுப்பில் ஒருத்தி மூன்று மாதம் அப்படியே ஓட்டினாள். நான்காம் மாதம் டீச்சர் கார்டைக் கண்ணருகே கொண்டுபோய், "உங்கப்பாவுக்கு இம்புட்டுச் சின்ன விரலா?" என்று கேட்டபோதுதான் குட்டு உடைந்தது.

நான் முதல் கட்சி. ஆனால் அப்பாவுக்கு எழுதத் தெரிந்தது அவர் பெயர் மட்டும்தான். நெசவாளர் சங்கத்தில் கூலி வாங்கக் கையெழுத்து வேண்டும் என்பதற்காகக் கற்றுக்கொண்டது. கார்டைத் தறிமேடையில் வைத்து, அறுந்த இழையை முடிகிற கவனத்தோடு ஒவ்வோர் எழுத்தாகப் போடுவார். எண்களைப் பார்க்க மாட்டார். "எத்தனாவது ரேங்க்?" என்று வாயால் கேட்பார், நான் சொல்வதை நம்புவார். ஊர் அருப்புக்கோட்டை, வருஷம் 1990. எங்கள் மாவட்டத்துக்கு அப்போது காமராஜர் பெயர்.

இப்போது மதுரையில் இருக்கிறேன். மகன் எட்டாம் வகுப்பு. டீச்சர் விடைத்தாளைத் திருத்திய அன்று சாயங்காலமே மார்க் என் போனுக்கு வந்துவிடுகிறது. பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக ஒரு பச்சை டிக்கைத் தொட வேண்டும். போன மாதம் அதைக் காளவாசல் சிக்னலில் நின்றபடி தொட்டேன். கணக்கில் 41. பச்சை விழுந்தது, பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார், கிளம்பிவிட்டேன். வீட்டுக்குப் போனால் அவன் ஒன்றும் பேசவில்லை. அவன் சொல்வதற்கு என்ன மிச்சம் இருந்தது? அவனுக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

என் காலத்தில் நான் அப்பாவிடம் போய்ச் சொல்லியாக வேண்டும். மார்க்கைச் சொல்ல வாயெடுத்தால் கூடவே வேறு பலதும் வரும். கணக்கு டீச்சர் லீவில் போனது, பக்கத்தில் இருந்தவள் காய்ச்சலில் வராதது, வகுத்தல் கணக்கில் மீதியை எங்கே எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடாதது. அவருக்கு வகுத்தல் தெரியாது. கேட்டுக்கொண்டே கையெழுத்தை முடிப்பார்.

அம்மா இன்னும் ஒரு படி மேல். எங்கள் வீட்டில் முன்னறை முழுவதும் குழித்தறி. ஒரே ஒரு நாற்பது வாட் குண்டு பல்பு, அதுவும் தறிக்கு மேலே. அந்த வெளிச்சத்தில்தான் அப்பா நெய்ய வேண்டும், அம்மா ராட்டையில் தார் சுற்ற வேண்டும், அக்காவும் நானும் படிக்க வேண்டும். மனசுக்குள் படிக்கிற பழக்கமெல்லாம் கிடையாது. தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி உரக்கப் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் படிப்பதாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அம்மா பள்ளிக்கூடம் பக்கம் போனதே இல்லை. ஆனால் மனப்பாடம் ஒப்பிக்கும்போது நான் எங்கே தடுமாறினாலும் ராட்டை நின்றுவிடும். "அந்த எடத்துல இடிக்குது. இன்னொரு தடவ சொல்லு." இழை அறுந்தால் கையில் தெரிவது போல அவளுக்கு அது காதில் தெரியும்.

இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் இனிக்கிறது. அதனால் மற்றதையும் சொல்லிவிட வேண்டும். அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள், என்னைவிடக் கெட்டிக்காரி. எட்டாம் வகுப்பில் வயசுக்கு வந்தாள். அதோடு படிப்பு நின்றது. யாரும் சண்டை போடவில்லை, யாரும் அழவுமில்லை. மறுவாரத்திலிருந்து அம்மாவின் ராட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு ராட்டை சுற்றியது, அவ்வளவுதான். நான் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் போனதற்கு என் மூளை மட்டும் காரணமில்லை, அந்த இரண்டாவது ராட்டையும்தான். பள்ளிக்கூடத்திலோ பிரம்பு. பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பாக்கள் எல்லாரும் ஒரே வசனம் பேசுவார்கள்: "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு மத்தத உரிச்சிருங்க சார்." சொல்லிவிட்டு வேப்பமரத்தடியோடு திரும்பிவிடுவார்கள். சேர்க்கும்போது ஒரு தடவை, டி.சி. வாங்க ஒரு தடவை. நடுவில் பள்ளிக்கூடத்துப் படி ஏறுவது மரியாதைக் குறைவு என்று அப்பா நினைத்தார். அவருக்கு மரியாதைக் குறைவா, வாத்தியாருக்கா என்று நான் கேட்டதில்லை.

அந்தப் பிரம்பு போனது நல்லதுக்குத்தான். அடிக்க இடம் கொடுத்த கல்வி விதியைத் தமிழ்நாடு அரசு 2003இல் எடுத்துவிட்டது. 2009இல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடம்பில் அடிப்பதையும் மனசில் அடிப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. முன்னதை வகுப்பறைகள் பெரும்பாலும் விட்டுவிட்டன. பின்னதை வீடுகள் எடுத்துக்கொண்டனவோ என்று சில நாள் தோன்றும். "அடிக்கவா செஞ்சேன், கேட்கத்தானே செஞ்சேன்" என்று நானே சொல்லியிருக்கிறேன், 41க்கு மறுநாள்.

மகனின் வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு உண்டு. ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு அம்மா கேட்பார்: "நாளைக்கு சார்ட் எந்தக் கலர்?" அதற்குப் பதினேழு பதில் வரும். எரிமலை மாதிரி செய்யச் சொன்னால், பள்ளிக்கு எதிரே உள்ள ஸ்டேஷனரி கடையில் தெர்மாகோல் எரிமலை செய்தே கிடைக்கும், பெயர் மட்டும் ஒட்ட வேண்டும். ஆறாம் வகுப்பில் அவனுடைய சூரியக் குடும்பத்தை நான்தான் செய்தேன். சனிக்கு வளையம் போட வளையல் வெட்டியதெல்லாம் என் யோசனை. இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு வாங்கிய பையனின் அப்பா கட்டடப் பொறியாளர். அன்று நான் உண்மையாகவே வருத்தப்பட்டேன் என்பதுதான் வெட்கக்கேடு.

ரேங்க் ஒழிந்துவிட்டது என்கிறார்கள். 2012இல் முப்பருவ முறை வந்தபோது எட்டாம் வகுப்பு வரை கிரேடு வந்தது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூவில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையும் அரசு 2017இல் நிறுத்தியது. மே மாதத்துச் செய்தித்தாளில் வாயில் லட்டோடு சிரிக்கும் அந்தப் படங்கள் இனி இல்லை. நல்ல முடிவு. ஆனால் ரேங்க் எங்கேயும் போகவில்லை. "உங்க பையன் எவ்வளவு?" என்று கேட்கும் தனிச் செய்தியாக அது போனுக்குள் குடியேறிவிட்டது.

நாங்கள் பிள்ளைகளைப் பாராட்டுகிறோம், அது எங்கள் தலைமுறையின் பெருமை. அப்பா என்னைப் பாராட்டியதே இல்லை. நான் மகனிடம் நாளுக்கு நான்கு தடவை "நீ பிரில்லியண்ட்டா" என்கிறேன். 1998இல் அமெரிக்காவில் கிளாடியா மியூலர், கரோல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், இன்னொரு பகுதியிடம் "நன்றாக முயற்சி செய்தாய்" என்றார்கள். புத்திசாலிப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் அடுத்த தடவை சுலபமான புதிரையே தேடினார்கள், கடினமானது வந்ததும் சுணங்கிப்போனார்கள். தங்கள் மார்க்கைக் கூட்டிச் சொன்னதும் அவர்கள்தான் அதிகம். இதைப் படித்தபோது எங்கள் வகுப்பில் கட்டைவிரலில் மை தடவிய அந்தப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். அம்மாவுக்கு டுவெக் தெரியாது. "இன்னொரு தடவ சொல்லு" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவும் தெரியாது.

சோறு விஷயத்தில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை, இன்றுதான் மேல். நீராகாரம் குடித்துவிட்டுப் போய், 1982இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவில் மதியம் வயிறு நிறைந்த பிள்ளைகள் நாங்கள். 1989இலிருந்து பதினைந்து நாளைக்கு ஒரு முட்டை. முட்டை போடும் நாளில் வகுப்பில் ஒரு இடம் காலி இருக்காது. காலையில் பத்து மணிக் கணக்கு வகுப்பில் பசியோடு உட்கார்ந்தவளுக்குத்தான் 2022 செப்டம்பரில் இதே மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் அருமை தெரியும். விடிவதற்குள் வேலைக்குப் போகிற அம்மாவிடம் "பிள்ளையைச் சாப்பிடவைத்து அனுப்புங்கள்" என்று புத்தி சொல்வதைவிட உப்புமா பெரிது.

அக்காவின் மகள் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பிள்ளை இரண்டாம் வகுப்பு, அரசுப் பள்ளி. அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவள்தான் தலைவி. கட்டாயக் கல்விச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் அரசுப் பள்ளிகளில் இதைப் புதிதாகக் கூட்டினார்கள். ஒரு கூட்டத்தன்று நான் அங்கே இருந்தேன். கழிப்பறைக்குத் தண்ணீர் ஏறாத மோட்டார் பற்றித்தான் அன்று பேச்சு. தலைமையாசிரியர் பேசப் பேச இவள் குறுக்கே கேள்வி கேட்டாள். "பொம்பளப் பிள்ளைக மத்தியானமே வீட்டுக்கு ஓடி வருது, சார். அடுத்த மாசம்னு சொன்னா எப்படி?" தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டாள். வாசலில் பேரனைக் கூட்டிப்போக வந்து நின்ற அக்கா உள்ளே வரவில்லை. வேப்பமரம்கூட இல்லாத அந்த வெயிலில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் தனியார் பள்ளியில் அந்தக் குழு கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெற்றோர் கூட்டம், டோக்கன் கொடுப்பார்கள், ஆளுக்கு மூன்று நிமிஷம். கட்டணம் கட்டுகிற எனக்கு டோக்கன், கட்டாத அவளுக்கு நாற்காலி.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதிமூன்று வயதுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். மகன் படுக்கப் பதினொன்றரை ஆகும், காலை டியூஷனுக்கு ஐந்தரைக்கு எழுப்புவேன். ஆறு மணி நேரம். மீதி இரண்டு மணி நேரத்தை நான்தான் எடுத்துக்கொண்டிருந்தேன், அவன் நல்லதுக்கு. தறி வீட்டில் ஒன்பதுக்குள் விளக்கு அணைந்துவிடும், கரண்டுக் கணக்கு அப்படி. இந்த மாதம் காலை டியூஷனை நிறுத்தியிருக்கிறேன். கணக்கு 41லிருந்து ஏறுமா என்று தெரியாது, காலையில் அவன் முகம் மட்டும் தெளிந்திருக்கிறது.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அம்மா என்னோடு இருக்கிறாள், எழுபது தாண்டிவிட்டது. சாயங்காலம் மகன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மேஜையில் உட்காருவான். அம்மா ஹாலில் இருந்து என்னிடம் கேட்பாள்: "என்னத்தா, சத்தத்தையே காணோம்? படிக்கிறானா, இல்லையா?" படிக்கிறான் என்பேன். நம்ப மாட்டாள்.

போன வாரம் அவள் விடவில்லை. "எய்யா, எனக்குக் கேக்கிற மாதிரி படி." அவன் அலுத்துக்கொண்டே ஒயரைக் கழற்றி ஆங்கிலப் பாடத்தை உரக்கப் படித்தான். அவளுக்கு ஒரு சொல் புரியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இரண்டாவது பத்தியில் கையை உயர்த்தினாள்.

"அந்த எடத்துல இடிக்குது. இன்னொரு தடவ சொல்லு."

ஒரு வரியைத் தாண்டிப் போயிருந்தான். "எப்படி ஆச்சி கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, சரிதானா என்று என்னைப் பார்த்தான். நான் கவனிக்கவில்லை. நாளைக்கு எந்தக் கலர் சார்ட் என்று குழுவில் தேடிக்கொண்டிருந்தேன்.